பத்தனைப் புல்லும் லயத்துக் கதவும்

மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதற்குள் மண்ணும் மழையும் காற்றும் பலமுறை மாறிவிடுகின்றன. கீழே மிளகும் கராம்பும் கொக்கோவும் நிற்கும் வீட்டுத் தோட்டங்கள். ரத்தோட்டையைத் தாண்டியதும் தேயிலை. அதற்கு மேலே நக்கிள்ஸ் காடு. அந்தக் காட்டின் நிழலில் ஒரு காலத்தில் ஏலம் விளைந்தது. உச்சியில் ஓயாத காற்றடித்துக் குட்டையாகிப்போன மரங்களும் தொலைத்தொடர்புக் கோபுரமும். மறுபக்கம் இலுக்கும்புரவை நோக்கி இறங்கினால் பிட்டவல பத்தனை என்ற புல்வெளி வருகிறது. நாலாபுறமும் மரம் அடர்ந்திருக்க, நடுவில் மட்டும் முழங்கால் உயரப் புல். காரணம் காலடியிலேயே இருக்கிறது. அங்கே மண் மிக மெல்லியது, சரளை கலந்தது, கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டுப்படும். வேர் இறங்க இடமில்லாததால் காடு பத்தனையின் விளிம்புவரை வந்து நின்றுவிடுகிறது. இதே பாதையில் மனிதர்களும் பட்டை பட்டையாகவே வாழ்கிறார்கள். நகரத்துக் கடைவீதியில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்திருக்கிறார்கள். தேயிலைக்குள் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் மலையகத் தமிழர். மலைக்கு அப்பால் லக்கலைப் பக்கத்தில் வயலும் சேனையும் செய்யும் சிங்களக் கிராமங்கள். புல் ஏன் அங்கே நிற்கிறது என்பதற்குச் சொன்ன காரணத்தைப் போலவே, மனிதர் ஏன் அங்கங்கே நிற்கிறார்கள் என்பதற்கும் ஒரு காரணம் சொல்லிவிட முடியுமா? நகரச் சமூகவியலில் நூறு ஆண்டுகளாக நடக்கும் ஒரு பெரிய வாதத்தின் மையத்தில் இருப்பது இந்தக் கேள்விதான்.

சூழலியல் என்பதற்கான மேலைச் சொல்லை 1866இல் உருவாக்கியவர் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். அறுபது ஆண்டுகளுக்குள் அந்தச் சொல் காட்டிலிருந்து நகரத்துக்குக் குடிவந்துவிட்டது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் உருவான சமூகவியல் மரபைச் சேர்ந்த ராபர்ட் பார்க், எர்னஸ்ட் பர்ஜஸ், ரொடரிக் மெக்கன்சி ஆகிய மூவரும் 1925இல் நகரத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்முன்னே இருந்த சிக்காகோ, 1840இல் ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர். 1890இல் பத்து இலட்சத்தைத் தாண்டியது. 1930இல் ஏறக்குறைய 34 இலட்சம். கப்பலிலும் ரயிலிலும் வந்திறங்கிய இத்தாலியர், போலந்துக்காரர், யூதர், தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்கள் எல்லோரும் எப்படியோ தனித்தனிப் பேட்டைகளாகப் பிரிந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். யாரும் திட்டம் போட்டுப் பிரித்ததாகத் தெரியவில்லை. எனவே பார்க் தாவரவியலின் பக்கம் திரும்பினார். ஒளிக்காகவும் நீருக்காகவும் செடிகள் போட்டியிடுகின்றன. வலுவானது நல்ல இடத்தைப் பிடிக்கிறது. மற்றவை அதைச் சுற்றித் தமக்கேற்ற இடத்தைக் கண்டுகொள்கின்றன. பின்பு ஒன்றையொன்று சார்ந்தே வாழ்கின்றன. புதிய இனம் ஒன்று நுழைந்தால் பழையது மெல்ல விலகுகிறது. நகரத்தில் ஒளிக்குப் பதில் நிலத்தின் விலை, நீருக்குப் பதில் வேலை, அவ்வளவுதான் வேறுபாடு என்றார்கள். நடுவில் வணிக மையம், அதைச் சுற்றிப் புதிதாக வந்த ஏழைகள் தங்கும் நிலையற்ற வளையம், பிறகு தொழிலாளர் வீடுகள், அதற்கு வெளியே வசதியானவர்கள், கடைசியில் தினமும் நகருக்கு வந்துபோகிறவர்கள் என்று பர்ஜஸ் ஐந்து வட்டங்கள் வரைந்தார். இப்படித் தானாக உருவான பேட்டைகளுக்கு அவர்கள் வைத்த பெயர் இயற்கைப் பகுதிகள்.

அந்தப் பெயரில்தான் கோளாறு இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன், இந்தப் பார்வை எதைச் சரியாகப் பிடித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ரிவர்ஸ்டன் சரிவுகளைவிட அதற்கு நல்ல சான்று கிடைப்பது அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த மலைகளில் இருந்தது கோப்பி. கோப்பிப் பழம் பறிப்பது சில மாத வேலை. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தார்கள். வழியிலேயே நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் பலர். பறிப்பு முடிந்ததும் மிஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி ஏறக்குறைய அழிந்து, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. ஏழெட்டு நாளைக்கு ஒருமுறை கொழுந்து எடுத்தாக வேண்டும், ஆண்டு முழுவதும். ஆகவே வந்துபோகும் ஆண்களின் கூட்டம் போதவில்லை. குடும்பமாகத் தங்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதன் பிறகே லயம் நிரந்தரமானது. தாய் கொழுந்துக்குப் போகும் நேரத்தில் குழந்தையை விட்டுச்செல்லப் பிள்ளைக்காம்பரா வந்தது. கோயில் வந்தது, காமன் கூத்து வந்தது, தோட்டப் பள்ளிக்கூடம் வந்தது. ஒரு பூஞ்சை நோயும் ஒரு செடியின் நாட்காட்டியும் சேர்ந்து, வழிப்போக்கர்களாக இருந்தவர்களை ஒரு சமூகமாக்கின. மனிதர்களின் விருப்பத்தையும் கொள்கையையும் மட்டும் வைத்துக்கொண்டு இந்த மாற்றத்தை விளக்கவே முடியாது. 1880இல் கண்டியிலிருந்து வந்த ரயில் பாதை மாத்தளையோடு முடிந்ததும், மலையிலிருந்து இறங்கும் சரக்கெல்லாம் அங்கே வந்து சேர்ந்ததும், அந்த நகரம் வளர்ந்ததும் இதே வகையைச் சேர்ந்த கதை.

இப்போது கோளாறுக்கு வருவோம். செடியின் நாட்காட்டி மக்களைத் தங்க வைத்தது என்பது உண்மை. ஆனால் அவர்களை லயத்துக்குள் தங்க வைத்தது செடி அன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்குரியது என்று கருத வழிசெய்தது. அதன் பிறகே அந்த நிலம் ஏக்கர் கணக்கில் தோட்டத்துரைமாருக்குப் போனது. கண்டிக் கிராமத்தவருக்கு மேட்டு நிலம் மறைந்தது. வந்த தொழிலாளிக்குக் காலடி நிலம்கூடக் கிடைக்கவில்லை. லயத்துக் காம்பரா தோட்டத்தின் சொத்து, வேலை இருக்கும்வரை தலைக்கு மேல் கூரை. 1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகத் தலையெண்ணிப் பங்குபோட்டது. முழுமையான தீர்வு 2003வரை இழுபட்டது. உள்ளூராட்சியிலும் இதே நிலைதான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு இருந்தவிதத்தால், தோட்டத்து மக்களால் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவுசெய்ய முடிந்தது, ஆனால் அந்தச் சபையால் தோட்டத்துக்குள் ஒரு பாதை போட்டுக்கொடுக்க முடியவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. ரத்தோட்டைக் கடைவீதிக்கும் அதன் மேலேயுள்ள லயத்துக்கும் நடுவே மண்ணின் தரம் ஒரே அடியில் மாறிவிடவில்லை. மாறியது எந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தும் என்பது.

சிக்காகோவிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. இயற்கைப் பகுதி என்று பார்க் கண்ட கறுப்பின மக்களின் பேட்டையைச் சுற்றி, அவர்களுக்கு வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று வெள்ளையர்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தங்கள் வேலி போட்டிருந்தன. அந்த ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்னமே, 1919 கோடையில், அதே நகரத்தில் இனக்கலவரம் நடந்து 38 பேர் உயிரிழந்தார்கள். நுழைவு, போட்டி, இடம்பெயர்வு என்ற தாவரவியல் சொற்கள், யாரோ ஒருவர் கையெழுத்திட்டு யாரோ ஒருவர் கல்லெறிந்து செய்ததைப் பருவமழை செய்ததுபோல் காட்டிவிட்டன. ஒரு சொல் செய்யக்கூடிய தீங்கு இதுதான். இயற்கை என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு யாரிடம் கணக்குக் கேட்பது?

போட்டியும் நில விலையும் மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதற்கு மாத்தளை நகரின் நடுவிலேயே இரண்டு சான்றுகள் உண்டு. அங்கே முத்துமாரியம்மன் கோயில் நிற்கிறது. நிலத்துக்கு விலை மட்டுமே அளவுகோல் என்றால் அந்த இடத்தில் என்றோ வணிக வளாகம் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை, மாசிமகத்தன்று ஐந்து தேர்கள் அங்கிருந்துதான் வீதிக்கு வருகின்றன, தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் மக்களுக்கு அந்த நாள் நகரமே சொந்தம். அமெரிக்கச் சமூகவியலாளர் வால்டர் ஃபயரி 1945இல் பாஸ்டன் நகரைக் காட்டி இதே குறையைச் சொன்னார்: நகரின் நடுவே ஏறக்குறைய 50 ஏக்கர் பொதுத்திடலைப் பணமாக்காமல் மக்கள் காத்து வைத்திருப்பதைப் போட்டி என்ற ஒன்றைக் கொண்டு விளக்க முடியாது, பற்றும் நினைவும் நிலத்தைப் பிடித்துவைக்கின்றன என்று. மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து தொடங்கிய நடைபயணம் ஆகஸ்டில் வந்து முடிந்தது மாத்தளையில்தான். முன்னோர் நடந்துவந்த வழி என்பதற்காக மட்டுமே அத்தனை பேர் அந்த வழியை மறுபடி நடந்தார்கள். இன்னொரு சான்று கசப்பானது. 1983 ஜூலைக் கலவரத்தில் மாத்தளையில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன, அதே கோயிலும் தாக்கப்பட்டது. ஒரு கடைவீதியில் உரிமையாளர்கள் மாறுவதை மட்டும் வரைபடத்தில் பதிந்துகொண்டு, அதை ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடிக்கும் இயல்பான வரிசை என்று எழுதும் ஆய்வாளர், எரிந்த கடையைப் பார்க்காதவர்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். நகரச் சமூகவியலுக்கும் பனிமூடிய இந்த மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அரசின் கணக்கும் அந்தக் கேள்வியின் பக்கமே நிற்கும். இலங்கையின் குடிசனக் கணக்கெடுப்பு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பது நகரம், 20 ஏக்கருக்குக் குறையாமல், பத்துப் பேருக்குக் குறையாமல் தொழிலாளர் குடியிருப்பது தோட்டம், மிச்சமெல்லாம் கிராமம். 2012 கணக்கெடுப்பின்படி நகரத்தில் 18.2 சதவீதம், கிராமத்தில் 77.4, தோட்டத்தில் 4.4. பிரதேச சபையின் கீழ் இருப்பதால் ரத்தோட்டைக் கடைவீதி இந்தக் கணக்கில் கிராமம். ஆனால் லயத்தைக் கொஞ்சம் நின்று பார்த்தால், அது கிராமத்தைவிடப் பழைய ஆலைநகரத்தின் தொழிலாளர் குடியிருப்புக்கே நெருக்கமானது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் சுவரோடு சுவராக, ஒரே தகரக் கூரையின் கீழ். விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களம், நாட்கூலி, பாக்டரியின் சங்கு. ஒரு வீட்டில் சண்டை என்றால் அடுத்த காம்பராவுக்குத் தெரிகிறது. லூயி வர்த் 1938இல் நகர வாழ்வின் அடையாளங்களாகச் சொன்ன மூன்றில், மக்கள்தொகையும் பலதரப்பட்ட கலப்பும் இங்கே இல்லை. நெருக்கம் மட்டும் நகரத்தையே மிஞ்சுகிறது. நகரத்தின் நெரிசலைக் கொடுத்து, நகரத்தின் வாய்ப்பைக் கொடுக்காத இடம் அது. அதனால்தான் அங்கே படித்த பிள்ளைகள் கொழும்பின் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் இறங்குகிறார்கள். பர்ஜஸின் வெளிவட்டம் இலங்கையில் கொழும்பு எல்லையோடு முடியவில்லை, அது மலையேறி வந்திருக்கிறது.

மலையின் மறுபக்கம் இன்னும் வேகமாக ஒன்று நடந்தது. களு கங்கையை மறித்து நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய லக்கலை நகரம் நீருக்குள் போகும் என்றானது. அதற்கு ஈடாக, அரச அலுவலகங்களும் கடைகளும் வீடுகளும் கொண்ட புதிய லக்கலை, பசுமை நகரம் என்ற பெயரோடு 2018 தொடக்கத்தில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் நீர் தேங்கத் தொடங்கியது. நக்கிள்ஸ் மலையில் விழும் மழை களு கங்கை வழியாகவும், மொரகஹகந்தை நீர்த்தேக்கம் வழியாகவும் வடமத்திய மாகாணத்து வயல்களுக்குப் போகிறது. சூழலியல் என்ற சொல்லின் நேரான பொருள் இங்கேதான் பளிச்சென்று தெரிகிறது: அனுராதபுரத்துச் சோற்றுத் தட்டுக்கும் லக்கலையில் மூழ்கிய முற்றத்துக்கும் தொடர்பு உண்டு. ஆனால் யார் வீடு மூழ்கும், யாருக்கு எந்த வரிசையில் காணி கிடைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்திலேயே வருவாரா என்பதெல்லாம் மேசையில் தீர்மானிக்கப்பட்டவை. ஏலக் காட்டிலும் அப்படியே. மேல்மரங்களை விட்டுவிட்டு அடிக்காட்டை வெட்டி ஏலம் வைத்ததால் இளங்கன்று முளைக்காமல் காடு கிழடானது, காய் உலர்த்த விறகும் போனது. ஆகவே 1980களின் நடுவிலிருந்து குத்தகைகள் நிறுத்தப்பட்டன, 2000இல் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமானது, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. காட்டுக்கு அது தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏலத்தை நம்பியிருந்த வீடுகளின் வருமானம் அந்தக் கோட்டோடு நின்றது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். புல்லுக்கும் காட்டுக்கும் நடுவேயுள்ள எல்லைகூட எல்லா இடத்திலும் மண் மட்டும் போட்டதில்லை. மலைநாட்டின் பல பத்தனைகளில் மனிதர் வைத்த தீயும் மாடுகளின் மேய்ச்சலும் சேர்ந்திருக்கின்றன.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. இடத்தை வைத்துச் சமூகத்தைப் பேசும் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள் சிலர். கனடாவின் பாரி வெல்மன் 1979இலேயே டொராண்டோவின் ஒரு பகுதியை ஆராய்ந்து, மக்களின் நெருங்கிய உறவுகளில் பெரும்பகுதி அந்தப் பேட்டைக்கு வெளியே இருப்பதைக் காட்டினார். இன்று லயத்திலும் மகன் கொழும்பில், மகள் வளைகுடா நாட்டில், பேச்சு கைத்தொலைபேசியில். இது உண்மைதான். ஆனால் ஆபத்து வரும் நாளில் தூரம் மறுபடி உயிர்பெறுகிறது. 1995 ஜூலையில் சிக்காகோவில் அடித்த வெப்ப அலையில் வழக்கத்தைவிட 739 பேர் அதிகமாக இறந்தார்கள். எரிக் கிளினன்பெர்க் அடுத்தடுத்து அமைந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டும் ஏழைகளின் இடங்கள், இரண்டிலும் தனியே வாழும் முதியவர்கள் ஏராளம். வடக்கு லாண்டேலில் இலட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள், தெற்கு லாண்டேலில் 4 பேர். ஒன்றில் கடைகள் மூடப்பட்டு, வீடுகள் காலியாகி, முதியவர்கள் வெளியே வர அஞ்சிய தெரு. மற்றொன்றில் ஓயாத கடைவீதி, ஆள் நடமாட்டம், விசாரிக்க ஒரு முகம். பார்க்கின் சீடர்கள் தேடியது இந்தப் பத்து மடங்கு வித்தியாசத்தைத்தான். ஆனால் அந்தத் தெரு வெறிச்சோடியதற்கு ஆலைகள் மூடியதும் நகராட்சி கைவிட்டதும் காரணங்கள் என்பதையும் கிளினன்பெர்க் சேர்த்தே எழுதினார். மலைநாட்டில் வெப்பத்தின் இடத்தில் மண்சரிவை வைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோரைக் கொன்றது, மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்கள் பலவற்றில் சரிவுகள். வெளிநாட்டில் இருக்கும் மகள் பணம் அனுப்பலாம். மண்ணைக் கையால் வாரி ஆளை எடுக்க அடுத்த காம்பராவில் இருப்பவர்தான் வேண்டும்.

எண்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. பகுதி பகுதியாகத் திரட்டிய கணக்கிலிருந்து தனி மனிதரைப் பற்றி முடிவெடுப்பது தவறு என்று 1950இல் புள்ளியியல் வழியே காட்டினார் டபிள்யூ. எஸ். ராபின்சன். தோட்டத்துறையின் வறுமை, தோட்டத்துறையின் குடிப்பழக்கம் என்று செய்திகளில் அடிபடும் வாசகங்கள் அந்தத் தவறிலேயே நிற்கின்றன. அதே லயத்தில் ஆசிரியர் இருக்கிறார், முச்சக்கர வண்டி ஓட்டுபவர் இருக்கிறார், தோட்டப் பதிவில் பெயரே இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே சூழலியல் பார்வையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. யார் யாரைச் சார்ந்து, எவ்வளவு தூரத்தில், எந்த நீரை நம்பி வாழ்கிறார்கள் என்று அது கேட்கும் கேள்விகளை வேறெந்தப் பார்வையும் இவ்வளவு பொறுமையாகக் கேட்பதில்லை. அதோடு ஒரு கேள்வியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்: இந்த எல்லையை வரைந்தவர் யார், எந்த ஆண்டில்? சரிவு அபாயமுள்ள லயங்களை இடம்மாற்றி குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காணியில் தனி வீடு கட்டும் வேலைகளில் இந்த இரட்டைப் பார்வை உடனடியாகப் பயன்படும். லயம் இடிந்தே தீர வேண்டும், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் லயத்தின் முன்னே நீளும் இஸ்தோப்பில்தான் சாயங்காலப் பேச்சு. பீலிக்கரையில்தான் தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் ஒருவர் வீட்டு நிலவரத்தை மற்றவர் அறிகிறார்கள். பிள்ளைக்காம்பராவை நம்பித்தான் இளந்தாய் வேலைக்குப் போகிறாள். புது வீட்டுத் திட்டத்தை வரைபவர்கள் மண்ணின் சாய்வை அளக்கும்போது, யார் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் விசாரித்துக் குறித்துக்கொள்ளலாம். அண்டை வீட்டார் அண்டையிலேயே வரும்படி காணியைப் பிரிக்கலாம். இன்றும் பல தோட்டங்களில் கடிதம் வீட்டுக்கு வருவதில்லை, தோட்ட ஆபீசுக்குப் போகிறது, அங்கிருந்து யார் கையிலாவது ஏறி எப்போதாவது லயத்துக்கு வந்து சேர்கிறது. முகவரியில் பெயர், டிவிசன், தோட்டம் மட்டுமே; வீட்டிலக்கம் கிடையாது. புதிய கதவுகளில் இலக்கம் எழுதி, பாதைக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைத் தபால் திணைக்களத்தின் பதிவில் ஏற்ற அதிகம் செலவாகாது. பிரதேச சபைக்கு அந்தப் பாதையின் மேல் இப்போது அதிகாரமும் இருக்கிறது.